பிரகதி கேட்ட எறா பஃப்ஸ்

ஜூன் 21, சனி

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. ஒரு மணி நேரம் பார்த்தேன். கோர்ட்டுக்குள் இருக்கும் சந்திப்பு அறை. பிரகதி பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள், பஸ்ஸில் தெரியாத ஆள் பக்கத்தில் இடம் விட்டு உட்காருவது மாதிரி. எட்டு வயதுப் பிள்ளை. நான் பெற்றது.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன். தலையை ஆட்டினாள். டீச்சர் பெயர் கேட்டேன். அதற்கும் தலையாட்டல். கடைசி ஐந்து நிமிடத்தில், "அடுத்த தடவ வரும்போது என்ன கொண்டாரட்டும்?" என்றேன். ரொம்ப நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஃப்ஸ். எறா வச்சது. ஒரு பர்த்டேல குடுத்தாங்க."

அவ்வளவுதான். ஆனால் கேட்டாளே! என்னிடம் ஒன்றைக் கேட்டாள். வெளியே அவள் அப்பா திருமுருகன் பைக்கில் ஹாரன் அடித்தார், ஓடிவிட்டாள்.

இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே செத்த பிறகு எட்டு மாதம் நான் படுத்தே கிடந்தேன். தஞ்சாவூரில் வைத்தியம். அதற்குள் அவர் பிரகதியை இலுப்பூருக்கு, தன் அக்கா செவந்தி வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். மனுவில் 'மனநிலை சரியில்லாதவர்' என்று எழுதியிருக்கிறார். இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மொத்தம் இரண்டு மணி நேரம். அதுதான் நான் அம்மாவாக இருக்கும் நேரம்.

ஜூன் 24

கந்தர்வக்கோட்டையில் பஃப்ஸ் மாவை யாரும் பச்சையாகத் தர மாட்டேன் என்கிறார்கள். பேக்கரி மாஸ்டர் சிரித்தார். "அதெல்லாம் வீட்டுல வராதும்மா, வெண்ணெய் வச்சு மடிச்சு மடிச்சு ஒரு நாள் வேலை."

என்னை வீட்டில் வைத்திருக்கும் வனிதா அண்ணிதான் போனில் வேறு வழி தேடி ஒரு வீடியோவைக் கண்டுபிடித்தது. சமோசாவுக்கு விற்கிற மெல்லிய ஷீட்டைச் சதுரமாக வெட்டி, வெண்ணெய் தடவி, ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே வைத்து, சின்னக் கிண்ணத்தில் அமுக்கி ஓவனில் வைத்தால் பூ மாதிரி விரிந்து மொறுமொறுவென்று வருமாம். உள்ளே எறா மசாலா. ரொம்பச் சுலபம் என்று வீடியோவில் அந்தப் பெண் பத்து தடவை சொல்கிறாள். அண்ணியின் ஓவன் கல்யாணப் பரிசு. அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வந்ததே இல்லை.

ஜூன் 26

சுலபமாம்.

செபமாலை அண்ணன் கோட்டைப்பட்டினத்திலிருந்து வண்டியில் கொண்டுவரும் எறா, விறைப்பாக நல்லாத்தான் இருந்தது. தோல் உரித்து, முதுகு நரம்பை எடுத்து, வெங்காயம் மிளகு போட்டுப் பச்சையாகவே கிண்ணத்தில் வைத்துவிட்டேன். எறா தண்ணி விட்டுவிட்டது. மேலே கருகல், கீழே கொழகொழ. அண்ணி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "ருசி இருக்கு செல்வராணி, உருவந்தான் இல்ல" என்றது.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு தின்பண்டத்துக்கா அழுவது? இல்லை. தின்பண்டத்துக்கு இல்லை.

ஜூலை 2

வக்கீல் அமுதவல்லி மேடத்திடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "தின்பண்டமெல்லாம் வேணாமே. உங்க கேஸ்ல ஒண்ணும் நடக்காம இருக்கிறதே நமக்கு நல்லது" என்றார்.

பிள்ளை வாய் திறந்து கேட்ட ஒரே பொருள். அதை எப்படி வேண்டாம் என்பது?

ஜூலை 5, சனி

பதினொன்று. பதினொன்றேகால். பதினொன்றரை. டப்பா மடியில். பன்னிரண்டுக்கு அந்த அறைக்காரம்மா வந்து, "காய்ச்சலாம், கூட்டிட்டு வரலையாம். இப்பத்தான் போன் வந்துச்சு" என்றாள்.

காய்ச்சலா? நெசமாவே காய்ச்சலா? நெத்தியில கை வச்சுப் பாக்கக்கூட எனக்கு வழியில்லையே.

திரும்பும் பஸ்ஸில் டப்பாவைத் திறந்தேன். எல்லாம் நமுத்துப்போயிருந்தது.

ஜூலை 6

எழுந்திருக்கவில்லை. மாத்திரை போட்டேன். அதை மட்டும் செய்தேன்.

ஜூலை 17

கண்டுபிடித்துவிட்டேன். எறாவைத் தனியாக வதக்கி, ஈரம் சுண்டியபின் வடிகட்டியில் கொட்டி ஆறவிட வேண்டும். ஷீட்டுக் கிண்ணத்தை வெறுமையாகச் சுட வேண்டும், பன்னிரண்டு நிமிடம், ஓரம் தேன் நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். இரண்டையும் தனித்தனி டப்பாவில் கொண்டுபோய் அங்கே வைத்துத்தான் நிரப்ப வேண்டும். இதைப் புரிந்துகொள்ள ஐந்து தடவை வீணாக்கியிருக்கிறேன். நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் முதலாளியம்மாவுக்கு ஒன்று கொடுத்தேன். "யாரு செஞ்சது, கடையிலயா வாங்குன?" என்றாள்.

கடையிலயா வாங்குன! நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு ஆதார் கார்டு பிரதி எடுத்தேன்.

ஜூலை 19, சனி

சாப்பிட்டாள். சாப்பிட்டாள். மூன்று!

அவள் கண் முன்னாலேயே நிரப்பினேன். கிண்ணத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத நீங்களா செஞ்சீங்க?" முதல் கடியில் நொறுங்கி மடியெல்லாம் தூள். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இரண்டாவதை எடுத்தாள். பிறகு மூன்றாவது. நடுவில் தாடையைச் சொறிந்தாள், அந்த அறையில் கொசு அதிகம். போகும்போது அவளாகவே கையை ஆட்டினாள்.

இன்றைக்கு நான் நோயாளி இல்லை. எவனும் என்ன வேண்டுமானாலும் மனுவில் எழுதிக்கொள்ளட்டும்.

ஜூலை 21

மேடம் காலையில் கூப்பிட்டார்.

இலுப்பூர் போய்ச் சேருவதற்குள் முகம் வீங்கிவிட்டதாம். உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு இழுக்க முடியவில்லையாம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஒரு நாள் வைத்திருந்து நேற்று அனுப்பிவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள் என்றார். எறா ஒத்துக்கொள்ளாத உடம்பாம்.

நன்றாக இருக்கிறாள் என்று யார் பார்த்தது? மூச்சு இழுக்க முடியாமல் என் பிள்ளை கிடந்தபோது நான் இங்கே டப்பா கழுவிக்கொண்டிருந்தேன். பாட்டுப் பாடிக்கொண்டு கழுவினேன்.

கொசுன்னு நெனச்சேன். கொசுன்னு நெனச்சேனே பாவி.

ஜூலை 24

சந்திப்பை நிறுத்தச் சொல்லி மனு. 'புத்தி சுவாதீனமில்லாத தாய், குழந்தையின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் உணவைத் திணித்தார்.' திணித்தார்! முடிவாகும் வரை பார்க்கக் கூடாது.

மேடம் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று என் சனிக்கிழமை. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

ஆகஸ்ட் 7

பெற்ற தாய்க்குத் தெரியாதா பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாதென்று? தெரியாது. ஆறரை வயசு வரைக்கும் தெரியும். ஆறு வயதில் எறாக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவள்தான். அதற்கப்புறம் அவள் உடம்பில் என்ன மாறியது, எந்தப் பல் விழுந்தது, எதற்குப் பயப்படுகிறாள், ஒன்றும் தெரியாது. தெரியாதவள் கையால் தின்னக் கொடுத்தேன். அவர்கள் சொல்வது சரிதானோ? என்னிடம் பிள்ளையைத் தரக்கூடாதோ?

பழைய இடத்துக்கே போகிறேன், தெரிகிறது. காலையில் பல் விளக்குவதே மலையாக இருக்கிறது. நாளைக்குத் தஞ்சாவூர் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும். நானாகவே போகிறேன். இந்தத் தடவை யாரும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது.

ஆகஸ்ட் 8

போனேன். மாத்திரை மாற்றியிருக்கிறார். "நீங்களா வந்தீங்க பாருங்க, அதுதான் பெருசு" என்றார். அண்ணி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கியது. நான் அதைத் தாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 21

விசாரணை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவர்கள் கொடுத்த ஆஸ்பத்திரிக் காகிதத்திலேயே ஒரு வரி இருந்தது. மேடம்தான் பார்த்தார். 'ஜனவரியில் நண்டு சாப்பிட்டபோதும் இதேபோல் தடிப்பு — உடன் வந்த அத்தை கூறியது.' நீதிபதி அம்மா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்கள். "இது தாய்க்குத் தெரிவிக்கப்பட்டதா?"

திருமுருகன் எழுந்து நின்றார். இளைத்திருந்தார். "எனக்கே தெரியாதுங்கம்மா. அக்காதான் அப்ப டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போச்சு. சூட்டுத் தடிப்புன்னுச்சு. நான் கேக்கல."

நான் கேக்கல என்றபோது குரல் உடைந்தது. சந்தோஷப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. அவரும் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருப்பார்.

பிறகு நீதிபதி பிரகதியை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். இருபது நிமிடம். வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்துத்தான் சொன்னார்கள். யாரும் திணிக்கவில்லையாம். பிறந்தநாளில் எல்லாப் பிள்ளைகளும் அதைத் தின்றார்களாம், அத்தை இவளுக்கு மட்டும் கொடுக்கவில்லையாம். அதனால்தான் கேட்டாளாம். முதல் கடியிலேயே உதடு அரித்ததாம்.

"ஏன் நிறுத்தலன்னு கேட்டேன்" என்றார்கள் நீதிபதி. "நான் சாப்பிட்டதும் அம்மா அழுதுக்கிட்டே சிரிச்சாங்க, நிறுத்துனா சிரிப்பு போயிருமேன்னு சாப்பிட்டேன்னு சொல்றா."



திருமுருகன் தலையைக் குனிந்துகொண்டார். நானும்.

மனு தள்ளுபடி. செப்டம்பரிலிருந்து மறுபடி பார்க்கலாம். மருத்துவக் காகிதம் எல்லாம் இருவரிடமும் இருக்க வேண்டும்.

ஜெயித்தோம் என்று மேடம் கையைப் பிடித்தார். எனக்காக என் பிள்ளை விஷம் மாதிரி ஒன்றை மூன்று தடவை விழுங்கியிருக்கிறாள். இதில் ஜெயிக்க என்ன இருக்கிறது?

செப்டம்பர் 6, சனி

வெறுங்கையோடு போனேன். கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இன்னைக்கி ஒண்ணும் கொண்டாரலையா?" என்றாள்.

"இல்லடா."

பிறகு, "என்னையத் திட்டுவீங்களா? ஆஸ்பத்திரிக்குப் போனதுக்கு."

பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்த பேச்செல்லாம் மறந்துபோனது. "பிரகதி, இங்க பாரு. நான் அழுதா நீ எதையும் திங்க வேணாம். நான் சிரிக்கணும்னும் திங்க வேணாம். அம்மா அழுதா அழுதுட்டுப் போறேன். அதச் சரி பண்றது ஒன் வேலை இல்ல. ஒனக்கு அரிச்சா, அரிக்குதுன்னு சொல்லு. அது போதும்."

என்னை உற்றுப் பார்த்தாள். "இப்ப அழுவுறீங்களே."

"ஆமா, அழுவுறேன்."

"சரி, அழுங்க" என்றுவிட்டு, தன் வகுப்பில் ஒருத்தி பென்சிலை மூக்கில் விட்டு எடுக்க முடியாமல் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பன்னிரண்டு மணி வரைக்கும் அந்தக் கதை முடியவில்லை.

செப்டம்பர் 20, சனி

திருமுருகன் அறை வாசலில் ஒரு தாளை நீட்டினார். அவர் கையெழுத்து. எறா, நண்டு, கணவாய், அடியில் இரண்டு கோடு. மாத்திரை பெயர், எவ்வளவு கொடுப்பது, டாக்டர் நம்பர்.

"வீங்குனா ஒடனே எனக்குப் போன் பண்ணிரு" என்றார்.

"நீங்களும் பண்ணுங்க" என்றேன்.

கிட்டத்தட்ட இரண்டு வருஷத்தில் நாங்கள் நேராகப் பேசிக்கொண்ட முதல் பேச்சு.

செப்டம்பர் 29

அடுத்த மாதத்திலிருந்து இரண்டாம் சனிக்கிழமை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து. அவர் ஆட்சேபிக்கவில்லை என்று மேடம் சொன்னார். மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். பயமாக இருக்கிறது.

அக்டோபர் 11, சனி

ஒன்பது பத்துக்கு வந்தாள். அண்ணியைப் பார்த்ததும் வெட்கம். மாடியெல்லாம் சுற்றினாள், தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தாள், பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் பெயர் வைத்தாள்.

மதியம் ரசமும் அப்பளமும் உருளைக்கிழங்கு வறுவலும். பாதி சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "எனக்குப் போதும்மா. ரசம் ரொம்ப காரம்." என் முகத்தைப் பார்க்கவே இல்லை, எழுந்து கை கழுவப் போய்விட்டாள். மீதிச் சோற்றை நான் சாப்பிட்டேன். காரம்தான்.

மணி மூன்றாகிறது. எழுத்து இப்படிக் கோணல்மாணலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இடது கையால் எழுதுகிறேன். வலது கை மரத்துப்போய் அரை மணி நேரம் ஆகிறது. அதன்மேல் தலை வைத்துத் தூங்குகிறாள், எடுக்க மனசில்லை.