பதினான்காவது துண்டுக்கு அப்புறம்

மார்ச் 4
கிஷினாவ் நகர் முழுக்கச் சேறு. நியோபியப் படலத்தின் மேல் காந்த உலோகம் பூசியாயிற்று: ஒரு முனையில் மெலிசு, மறுமுனையில் தடிமன். நானும் உதவியாளன் இலாரியோனும் முப்பது துண்டாக நறுக்கினோம். காந்த அடுக்கு தடித்தால் மீக்கடத்தல் செத்துவிடும், தடையில்லாத மின்னோட்டம் போச்சு. இன்னும் தடித்தால் உயிர்த்து வரும் என்கிறார் எங்கள் தலைவர் அனடோல் வாசிலியேவிச். இருபது வருஷமாக இதே பேச்சு. ஊரே சிரிக்கிறது.

மார்ச் 11
மெலிசு முனையிலிருந்து அளந்து வருகிறேன். ஆறாவது துண்டில் மீக்கடத்தல் செத்தது.

மார்ச் 19
ஏழிலிருந்து பதினான்கு வரை ஒன்றிலும் இல்லை. விரல் விறைத்துப் போச்சு. துண்டுகளைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் ஒரே குடுவைதான் மிச்சம், எதுக்கு வீணாக்கணும்? மீதி பதினாறையும் அளக்காமலே அட்டவணையில் "இல்லை" என்று எழுதிவிட்டேன். பெட்டி மேல் "செத்தவை". அப்பாடா.

மார்ச் 27
அனடோல் கேட்டார்: "முப்பதும் பாத்துட்டியாம்மா?"
பார்த்துவிட்டேன் என்றேன். அட்டவணையின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 3
கருத்தரங்கில் எழுந்து நின்றார். இருபது வருஷம் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஏன் பேசவில்லை நான்?

மே 16
படலம் பூசும் இயந்திரத்தைப் பிரித்து எடுத்துப் போனார்கள். அறை வேறு குழுவுக்கு. அனடோல் வேலையை விட்டுச் சொந்த ஊருக்கே போய்விட்டார்.

செப்டம்பர் 30
புது வெப்பமானியைச் சரிபார்க்க ஏதோ ஒரு துண்டு வேண்டுமே என்று இலாரியோன் செத்தவை பெட்டியிலிருந்து இருபத்திரண்டாவது துண்டை எடுத்திருக்கிறான். குளிரக் குளிரத் தடை சைபருக்கு விழுந்ததாம். மூன்று தடவை பார்த்திருக்கிறான்.
"அக்கா, பெட்டி மேல உன் கையெழுத்துதானே?"
ஐயோ. என்ன செய்துவிட்டேன்.

அக்டோபர் 2
அனடோல் தோட்டத்தில் திராட்சை பறித்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் பிசுபிசு, இருபத்திரண்டாவது துண்டின் அளவீட்டு வரைபடத்தை என்னையே பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "வந்துடுச்சு," என்றார், தனக்குத்தானே.
பதினான்கோடு நிறுத்திவிட்டதைச் சொன்னேன். அழுகை வந்தது. அவர் கத்தவில்லை; கத்தியிருக்கலாம்.
"நீ பாத்துட்டேன்னியேம்மா. அதை நம்பித்தானே அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னேன்."
கிளம்பும்போது ஒரு கொத்துத் திராட்சை கொடுத்தார். மினிபஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். தின்ன முடியவில்லை.

அக்டோபர் 9
பதினைந்திலிருந்து எல்லா "இல்லை"யையும் அடித்து "அளக்கவில்லை" என்று எழுதினேன். கீழே என் பெயர், தேதி. நிறுவன இயக்குநர் மேஜையில் வைத்தேன். ஆய்வகச் சாவியையும்.