நோவா மூழ்கிய வருஷம்

கிரெஸ்விக்,
9 ஏப்ரல் 2019

அன்புத் தங்கை அவிஸுக்கு,

ஏப்ரல் மாதத்தில் என் கையெழுத்தைப் பார்த்ததும், ஐயோ யார் போய்விட்டார்களோ என்று பதறாதே. நம் வயதுக்காரர்களில் போவதற்கு இனி இந்த ஊரில் ஆள் கிடையாது, நான் ஒருத்திதான் பாக்கி. எனக்கும் முழங்கால் தவிர மற்றதெல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. அங்கே நியூசிலாந்தில் குளிர் ஆரம்பித்திருக்கும். சின்ன வயதிலிருந்தே உனக்கு நெஞ்சில் சளி கட்டும். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை, அதில் நீ இரண்டு வரி, நான் இரண்டு வரி. அதற்கு மேல் எழுத நம் இருவருக்குமே கை வந்ததில்லை. இன்றைக்கு வந்திருக்கிறது, பொறுத்துக்கொள்.

என் கிளெமென்ட் என்னை விட்டுப் போய் இந்த மாதத்தோடு மூன்று வருஷம். பேச்சுத் துணைக்கு வானொலிதான். செய்தி வாசிக்கிறவன் காலை வணக்கம் சொன்னால் நானும் “வாப்பா” என்கிறேன். போன வாரம் அவனோடு சண்டைகூடப் போட்டேன். பேருந்து செவ்வாயும் வெள்ளியும் மட்டும். நம் பள்ளிக்கூடம் இப்போது ஒரு பல் டாக்டரின் வீடு. ஜெபக்கூடத்தில் ஒரு ஜோடி குடியிருக்கிறது. பிரசங்க மேடை இருந்த இடத்தில் குளிர்பதனப் பெட்டி நிற்கிறது. அப்பா பார்த்திருந்தால் இன்னொரு தடவை செத்திருப்பார்.

எழுத வந்த விஷயம் இதுதான். ஊர் வரலாற்றுக் குழு என்று ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். மிஸஸ் பிரைஸ் என்ற ஓய்வு பெற்ற தலைமையாசிரியைதான் தலைவி. ஊருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது, அதாவது நேற்று வந்தவள். ‘கிரெஸ்விக்கில் எங்கள் சிறுவயது’ என்று ஒரு புத்தகம் போடப் போகிறாளாம். ஒலிப்பதிவுக் கருவியும் 1951 பள்ளிக்கூடப் படமும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். முப்பத்தொரு பிள்ளைகள். நான் பின்வரிசையில், நீ முன்வரிசையில் ஒரு காலுறை இறங்கி நிற்கிறாய். “பேரெல்லாம் சொல்லுங்க, உங்களை விட்டா யாருக்குங்க தெரியும்?” என்றாள்.

சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள், அவிஸ். ஒரு கேள்வி கிடையாது. மூன்றாவது வரிசையில் போப்பாண்டவர் நிற்கிறார் என்றாலும் எழுதியிருப்பாள். எனக்குக் குறும்பு தலைக்கேறி, கசாப்புக் கடைக்காரர் மகனுக்கு வேண்டுமென்றே வேறு பெயர் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள். முதலில் சிரிப்பு வந்தது. அவள் போன பிறகு சோறு தண்ணி இறங்கவில்லை. நான் என்ன உளறினாலும் அதுதான் இனி இந்த ஊர்க் கதை, மறுத்துச் சொல்ல ஒரு நாதி இல்லை. மறுநாள் நொண்டிக்கொண்டே போய் அந்தப் பெயரைத் திருத்திவிட்டு வந்தேன்.

வாசலில் நின்று அவள் ஒன்று கேட்டாள். “நோவா மூழ்கின வருஷம்னு ஊர்ல இன்னும் சொல்றாங்களே, அது உங்க தங்கச்சி செஞ்ச கூத்தாமே?” தங்கையைக் கேட்டுச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

உனக்கு அது ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் இரண்டு வரி எழுது. மூன்றாக இருந்தாலும் சந்தோஷம்.

இப்படிக்கு,
உன் அக்கா ஹெஸ்டர்


கிரெஸ்விக்,
16 மே 2019

அன்பு அவிஸ்,

பதில் இல்லை. வராது என்று தெரிந்தும் தபால்காரரை வேலியருகே நின்று மறித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதர் என்னைக் கண்டாலே “இன்னிக்கும் இல்லைம்மா” என்று தூரத்திலிருந்தே கை ஆட்டுகிறார்.

மிஸஸ் பிரைஸ் எழுதிய பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி பூப்பலகை வேலையை அழகாகத்தான் விளக்கியிருக்கிறாள். ஊர் ஊற்றுக்கு நன்றி சொல்ல வருஷா வருஷம் பெரிய மரப்பலகையில் களிமண் பூசி, அதில் பூவிதழ்களைப் பதித்து பைபிள் காட்சி ஒன்றை உருவாக்கி, ஊற்றின் மேல் நிறுத்தி ஆசீர்வதிப்பது எங்கள் வழக்கம் என்கிறாள். களிமண்ணில் உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பிள்ளைகள் வெறுங்காலால் மிதித்ததையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் பலகை மில் குளத்தில் நாலைந்து நாள் ஊற வேண்டும், ஊறாத மரம் களிமண்ணின் ஈரத்தைக் குடித்துவிடும், களிமண் வெடித்துப் பூவோடு விழுந்துவிடும் என்று அதையும் எழுதியிருக்கிறாள். அப்புறம் வருகிறது: ‘1957இல் பலகையை ஊறவைக்கும் பொறுப்பு பதின்மூன்று வயது அவிஸ் பாக்ஷாவுடையது. துறுதுறுப்பான அந்தச் சிறுமி விளையாட்டு மும்முரத்தில் மறந்துவிட்டாள்.’

படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். துறுதுறுப்பாம், விளையாட்டாம்!

இனிமேல் சுற்றி வளைக்கப் போவதில்லை. பலகை மிதக்கும், அதனால் மேலே கல் ஏற்றுவோம். காலையும் மாலையும் கல்லை இறக்கி, திருப்பிப் போட்டு, மறுபடி ஏற்றுவோம். ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஆகையால் சனிக்கிழமை மாலை இரட்டைக் கல். சமையலறைக் கதவில் ஒட்டிய பட்டியலில் அந்தச் சனிக்கிழமை உன் பெயர்தான் இருந்தது. போனது நான். உன் முறையை எனக்குக் கொடுடீ என்று கெஞ்சி வாங்கினேன். கிளெமென்ட் பாலத்தடியில் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தான். அவன் அப்பா மதுக்கடை நடத்துகிறவர், நம் வீடு ஜெபக்கூடத்து வீடு. “அந்தப் பய நம்ம வாசல் பக்கம் வந்தா காலை ஒடிச்சுடுவேன்” என்று அப்பா சொல்லியிருந்தது உனக்கும் தெரியும்.

கல்லை இறக்கினேன், பலகையைத் திருப்பினேன். பாலத்திலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. திரும்பி வந்து கல் ஏற்றலாம் என்று ஓடினேன், திரும்பி வரும்போது நினைவே இல்லை. ஞாயிறு முழுக்க வெயில் கொளுத்தியது, நாமெல்லாரும் ஜெபக்கூடத்தில் வியர்த்துக்கொண்டிருந்தோம். திங்கள் காலை பார்த்தேன், பலகை மேல்பக்கம் காய்ந்து வெளுத்து மிதக்கிறது. அழுத்தி முக்கி, கல்லை ஏற்றிவிட்டு, வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் எடுத்தபோது மேலே ஈரம், உள்ளே வறட்டு மரம். அப்பா அதன் மேல்தான் களிமண் பூசினார்.

அடுத்த சனிக்கிழமை நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போதகர் கையை உயர்த்தினார், ஊதுகுழல்காரர்கள் ஊத ஆரம்பித்தார்கள், பலகையில் இருந்த நோவாவின் தாடி வெடித்தது. கப்பல், புறா, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் ஒன்றாகச் சரிந்து ஊற்றுக்குள் விழுந்தது. சனிக்கிழமை மாலை யார் முறை என்று அப்பா கேட்டார். “பட்டியல்ல அவிஸ் பேருதானே இருக்கு” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய், எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் கிளெமென்ட் விஷயம் வெளியே வந்திருக்கும்.

அப்பா முப்பது வருஷமாகச் செய்த களிமண் வேலையை அன்றோடு விட்டார். உன்னோடு பேசுவதையும் ஏறக்குறைய விட்டார். கடையில், தெருவில், ஜெபக்கூடத்து வாசலில், ‘நோவாவை முக்கினவ’. தூறல் விழுந்தால் போதும், “யப்பா, அவிஸைக் கூப்பிடாதீங்க, மிச்சம் மீதியும் முங்கிடும்!” ஏழு வருஷம் கேட்டுவிட்டு நீ கப்பல் ஏறினாய். எனக்குக் கிளெமென்ட்டோடு கல்யாணம் ஆன பிறகாவது சொல்லியிருக்கலாம், அப்போது மறைக்க என்ன இருந்தது? சொல்லவில்லை. எனக்கு அது சௌகரியமாகிப் போயிருந்தது. அப்பா கடைசிவரை நீதான் என்று நம்பியே கண்ணை மூடினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அப்போதும் சொல்லவில்லை. பாவி நான்.

நேற்று ஊர் மன்றத்தில் குழு கூடியது. இருபது பேருக்கு முன்னால் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் என்ன நடந்தது தெரியுமா? சிரித்தார்கள். “அட, ஹெஸ்டர்! காதலுக்காக நோவாவையே முக்கிட்டீங்களா!” என்று கை தட்டினார்கள். ஒருவர் எனக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தார். நீ ஏழு வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு எனக்கு ஒரு துண்டு கேக். அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. உன் பெயரை அந்தப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன் என்று தெரிவிக்கத்தான் எழுதினேன். திட்டியாவது ஒரு கடிதம் போடு.

உன் அக்கா,
ஹெஸ்டர்


கிரெஸ்விக்,
11 ஜூன் 2019

என் அவிஸ்,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கம்! உன் கையெழுத்து இத்தனை நீளமாக இருந்து நான் பார்த்தே ஐம்பத்தைந்து வருஷமாகிறது. நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தேன்.

நீ திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. ‘ஹெஸ்டர், உனக்கு வயதாகிவிட்டது, குழப்பிக்கொள்கிறாய், அன்று குளத்துக்குப் போனது நான்தான்’ என்று எழுதியிருக்கிறாய். தண்ணீர் முழங்காலுக்கு மேலே சில்லென்று ஏறியதாம். கல் பாசி பிடித்து வழுக்கியதாம். அடுத்த கல்லை அப்புறம் வைக்கலாம் என்று நினைத்தாயாம். உன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லியே தூங்க வைத்தாயாம், நோவாவை முக்கின பாட்டி என்று அவர்கள் உன்னைக் கட்டிக்கொள்வார்களாம். ‘ஆகையால் புத்தகத்தில் இருக்கிறபடியே இருக்கட்டும்.’

மிஸஸ் பிரைஸுக்கும் இதையே எழுதியிருக்கிறாய். அவள் அந்தக் கடிதத்தையும், நான் மன்றத்தில் சொன்னதை எழுதிய தாளையும் மேஜைமேல் போட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “என் சர்வீஸ்ல எத்தனையோ பிள்ளைங்களை விசாரிச்சிருக்கேன். நான் இல்லை, அவதான்னுதான் அதுங்க சொல்லும். நான்தான், நான்தான்னு ரெண்டு பேரும் சொல்றது இப்பத்தாங்க பாக்குறேன்” என்றாள். இந்த மாதக் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் நாம் இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்லாவிட்டால், பழையபடி உன் பெயரே இருக்கும், நான் சொன்னதை ஒரு அடிக்குறிப்பில் போடுவாளாம். குற்றம் சாட்டப்பட்டவரே ஒப்புக்கொள்ளும்போது வேறு என்ன செய்ய முடியும் என்கிறாள். நியாயம்தான்.

இந்த நான்கு நாளாக ஒரே யோசனை. என்னைக் காப்பாற்ற நீ வேண்டுமென்றே சொல்கிறாயா, அல்லது நிஜமாகவே நம்பிவிட்டாயா? காப்பாற்றுகிறாய் என்றால் வேண்டாம் அவிஸ், பதின்மூன்று வயதில் செய்தது போதும். நம்பிவிட்டாய் என்றால், அது அதைவிடக் கொடுமை. செய்யாத தப்புக்கு ஊர் பெயர் வைத்தது, அப்பா முகம் திருப்பிக்கொண்டார், கடைசியில் உன் மனசும் சரி நான்தான் என்று சொல்லிவிட்டதா? அப்படியானால் அந்த மாலையை உள்ளபடி அறிந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். நான் நாளைக்கே போய்விட்டால் உன் பொருட்டு சாட்சி சொல்ல ஆள் இல்லை.

அதனால் நன்றாக உட்கார்ந்து இதைப் படி. பேரப்பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் படி. கால் முழுக்கப் பாசியோடு நின்றது நான். சில்லென்று இருந்தது எனக்கு. அதையெல்லாம் அன்று ராத்திரி போர்வைக்குள் உனக்குச் சொன்னதும் நான்தான், அங்கிருந்துதான் உனக்கு அது வந்திருக்கும். நீ குளத்துக்குப் போயிருப்பதாக அம்மா நினைக்க வேண்டும் என்பதற்காக, உன்னைத் தொழுவத்துப் பரணில் ஏற்றி, ஏணியை நகர்த்தி வைத்துவிட்டுப் போனேன். ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்றேன், இரண்டரை மணி நேரமாக்கினேன். நீ கீழே இறங்கவும் முடியாமல், கூப்பிடவும் கூடாமல், அங்கேயே இருந்தாய். நான் ஏணியை வைத்தபோது நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அக்கா, கிளெமென்ட் வந்தானா?” வந்தான் என்றேன். எனக்காகச் சந்தோஷப்பட்டாய். உள்ளே போவதற்கு முன்னால் உன்னை வாசல் விளக்கருகே நிறுத்தி, தலைமுடியிலிருந்து வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தேன். உன் செருப்பு காய்ந்திருந்தது அவிஸ். உன் கவுன் காய்ந்திருந்தது. உன் காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை.

மிஸஸ் பிரைஸுக்கு எழுத வேண்டாம், புத்தகம் எக்கேடோ கெடட்டும். எனக்கு எழுது. நீ பரணில்தான் இருந்தாய் என்று ஒரே ஒரு வரி எழுது, என் கண்ணே.

உன்னை அங்கே ஏற்றிவிட்டுப் போன,
உன் அக்கா ஹெஸ்டர்