ஷமீமா திருத்திய ஸ்கிரிப்ட்

செவ்வாய், 14 நவம்பர் 2006

"நோட்பேடில் திறந்து சேமிக்காதே" என்று ஷமீமாவிடம் இன்று நான் சொல்லவில்லை. அதில் சேமித்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். விண்டோஸிலிருந்து யூனிக்ஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கும் எங்கள் ஸ்கிரிப்டுகள், அதாவது கணினிக்கான கட்டளைக் கோப்புகள், அதன்பின் ஓடாது. இது எனக்குப் போன மாதமே தெரியும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் ஒரு ஸ்கிரிப்டைத் திருத்தி அதிலேயே சேமிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் மேனேஜர், "ஷமீமாவப் பாத்துக் கத்துக்கம்மா, இன்னா ஸ்பீடு" என்றார். எனக்கு ஒரு வருஷம் பின்னால் இந்தக் கும்மிடிப்பூண்டி ஃபாக்டரிக்கு வந்தவள் அவள். புனே பயிற்சிக்கு எங்களில் ஒருத்தியைத்தான் அனுப்புவார்கள்.

மூன்று மணிக்கு, லாரிகளுக்குச் சீட்டு அச்சிடும் அந்த ஸ்கிரிப்டை ஷமீமா மேனேஜர் முன்னால் ஓட்டிக் காட்டினாள். ஒரு வரிகூட ஓடவில்லை. மேனேஜர் எழுந்து போனார்.

"இன்னாக்கா ஆச்சு? நேத்து நல்லாத்தானே ஓடிச்சு?"

"தெரியலையேம்மா" என்றேன். என் குரல் இயல்பாகவே இருந்தது.

டீக்குக்கூட எழுந்திருக்காமல் ஐந்து மணிக்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள். மற்றவர்களும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று, நோட்பேடில் சேமிக்க வேண்டாமென ஒரு தாளில் பெரிதாக எழுதி எங்கள் அறைச் சுவரில் ஒட்டினாள். மேனேஜர் நின்று அதைப் படித்தார். புனேக்கு அவள் பெயரை அனுப்பிவிட்டார்.