எதிர் வீட்டில் ஆளில்லை

ஒக்டோபர் 7, செவ்வாய்

பக்கத்து வீட்டு அன்புராசா அண்ணையின் குடும்பமும் இன்று வீடு மாறிப் போய்விட்டது. சோபாவை லொறியில் ஏற்றும்போதும் அண்ணை என்னை ஏசிக்கொண்டுதான் நின்றார். வசந்தத்தில் இடிக்கப்போகிற ரவுன்ஹவுஸ் வரிசை வீட்டில் தனியாக இருந்து என்ன செய்யப்போகிறாய், பக்கத்து ஊர் ஏஜாக்சில் எங்கள் புது வீட்டுப் பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கிறது என்றார்.

"ஜது வந்தால் எங்கை அண்ணை போவான்?" என்று கேட்டேன். அவர் கயிற்றை இறுக்கினார்.

என் மகன் ஜதுர்சன் மாசியில் வீட்டை விட்டுப் போனவன். போதை மாத்திரைகளால் முதலில் படிப்புப் போனது, பிறகு வேலை, கடைசியில் அவனும். போன் நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. அவனுக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான்.

இனி இந்த வரிசையில் என் வீட்டில் மட்டும்தான் வெளிச்சம். எழுதினால் பயம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

ஒக்டோபர் 9

எதிர் வீட்டு மேல்மாடித் திரை அசைந்தது. வெயில் காலத்திலிருந்தே பூட்டிக் கிடக்கிற வீடு. காற்று என்று வைத்துக்கொள்கிறேன் — யன்னல் சாத்தியிருக்கிறதே?

ஒக்டோபர் 12, ஞாயிறு

காலையில் கறுப்பு ஜக்கெற் போட்ட ஒரு பெண் எதிர் வீட்டு வாசலில் குந்தியிருந்து சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கள்ளி என்று நினைத்து அகப்பையோடு வெளியே போனேன். அகப்பையைக் கண்டு அவள்தான் பயந்து எழும்பினாள். பெயர் மிசுஹோ, யப்பான்காரி, என் வயதிருக்கும். கைவிட்ட கட்டடங்களைப் படம் எடுக்கிறாளாம். கதை இல்லை, நடிகர் இல்லை, பாட்டும் இல்லை. வெறும் சுவரும் கதவும். இதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். பெரிதாக ஒருவரும் பார்ப்பதில்லை என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

எதிர் வரிசையை எடுப்பதற்கு என் மேல்மாடி யன்னலில் சில நாள் கமராவை வைக்கலாமா என்று கேட்டாள். அது ஜதுவின் அறை. ஆனாலும் ஓம் என்றேன். வீட்டுக்குள் இன்னொரு ஆள் வந்து போகும் என்ற ஆசைதான். அந்தக் கமரா தானே இயங்கி ஒவ்வொரு படமாக எடுக்குமாம், ஒவ்வொன்றுக்கும் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்திருக்குமாம்; பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிடுவாளாம். நடந்து போகிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள், அசையாமல் இருப்பதுதான் விழும் என்றாள்.

வெறும் வீடுகளுக்குள் போகப் பயமில்லையா என்றதற்கு, ஆள் இருக்கிற வீடுகளுக்குள் போகத்தான் பயம் என்றாள். விசர்ப் பெண். ஆனாலும் அவள் இருந்தவரை என் நெஞ்சு இடிக்கவில்லை.

ஒக்டோபர் 15

வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது எதிர் வீட்டுக்குள் யாரோ இருமினார்கள். கேட்டது கேட்டதுதான். திறப்பைக் கீழே தவறவிட்டேன். உள்ளே வந்து கதவுக்குக் கதிரையை முண்டு கொடுத்தேன். ஆர் அது? என்னைப் பாத்துக்கொண்டு இருக்கிறானோ? தனிய இருக்கிறன் எண்டு தெரிஞ்சிருக்குமே.

குடியிருப்பு ஒபிசுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

காவலாட்கள் வந்தார்கள். உள்ளே யாரோ படுத்திருந்தது உண்மைதான். பின்வேலி ஏறி ஓடிவிட்டதாம், முகம் பார்க்கவில்லையாம். போர்வையைக் குப்பையில் எறிந்தார்கள். கதவு யன்னலெல்லாம் பலகை அடித்தார்கள். அவர்களுக்கு ரீ போட்டுக் கொடுத்தேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு நிம்மதியாகப் படுக்கப்போகிறேன்.

ஒக்டோபர் 17

மிசுஹோ வந்து கமராவைக் கழற்றிக்கொண்டு போனாள். பலகைகளைப் பார்த்து முகம் வாடிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒக்டோபர் 29, புதன்

பிலிமைக் கழுவி, லப்ரொப்பில் போட்டுக் கொண்டுவந்தாள். எதிர் வீடுகள்தான். வெயில் ஏறுகிறது, இறங்குகிறது. தெருவில் ஒருவரும் இல்லை. தபால்காரர் இல்லை, வேலைக்குப் போய் வந்த நானும் இல்லை. ஆனால் நேர் எதிர் வீட்டு மேல்மாடி யன்னலில் ஒரு ஆள். ஒரு முழங்காலை மடித்து, நாடியை அதில் வைத்து, இந்தப் பக்கம் பார்த்தபடி. முகம் தெளிவில்லை. தெளிவு தேவையில்லை. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் ரீவிக்கு முன்னால் இருப்பான்.

என்ர பிள்ளை. முன் வீட்டில என்ர பிள்ளை இருந்திருக்கு. றோட்டைத் தாண்டினா வீடு. ஏன் வரேல்லை? என்னட்டை வரப் பயமோ? நான் அவனுக்குப் பயந்து கதிரை முண்டு குடுத்தன். ஆக்களை விட்டுத் துரத்தினன். இருமல் வேறை. அதுக்கு மருந்து எடுத்தானோ —

ஒக்டோபர் 30

வேலைக்குப் போகவில்லை. வெளியே உறைகுளிர். அந்தப் போர்வையை எறிய வைத்ததும் நான்தான்.

நவம்பர் 1, சனி

மிசுஹோவைக் கூப்பிட்டு, இந்த நகரத்தில் அவளுக்குத் தெரிந்த வெறும் கட்டடங்களையெல்லாம் எனக்குக் காட்டச் சொன்னேன். மாட்டேன் என்றாள். அங்கே படுக்கிறவர்கள் அவளை நம்பித்தான் உள்ளே விடுகிறார்களாம். அவர்களை அவள் படம் எடுப்பதில்லை, இருக்கும் இடத்தை ஒருவருக்கும் சொல்வதுமில்லை. எதிர் வீட்டில் ஆள் இருப்பது தெரிந்திருந்தால் கமராவே வைத்திருக்கமாட்டாளாம்.

பொலிசும் இல்லை, ஒபிசும் இல்லை, ஒருவரையும் கூப்பிடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். ஏற்கெனவே கூப்பிட்டவள்தானே என்று கேட்டாள். அழுதேன். கடைசியில், காலுக்குச் சப்பாத்து நல்லதாகப் போட்டுக்கொண்டு வா என்றாள்.

நவம்பர் 4

மூடிக் கிடக்கிற லோண்டரி ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று. பூஞ்சண மணம், புறா எச்சம். ஒரு மூலையில் படுத்திருந்த கிழவர் ரோச்சை அணைக்கச் சொன்னார், மரியாதையாகத்தான் சொன்னார், எனக்கு அலறல் வந்துவிட்டது. ஜதுவின் படத்தைக் காட்டினேன். தெரியாது என்றார். பயம் போகவில்லை, கால் மட்டும் போகிறது.

நவம்பர் 8, சனி

ரயில் பாதையோரம் ஒரு பழைய தளபாடத் தொழிற்சாலை. வெளியே நல்ல பகல், உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மிசுஹோ வாசலில் நின்றுகொண்டாள். இரண்டு பேராகப் போனால் உள்ளே இருப்பவர்கள் ஓடிவிடுவார்கள் என்றாள்.

தனியாகப் போனேன். மேலே எங்கோ தகரம் அடித்துக்கொண்டது. திரும்பி ஓடிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். பிறகு, ஜது, அம்மா வந்திருக்கிறன் என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பிடிபடவில்லை. ஒரு சத்தமும் இல்லை. இருட்டுக்குள் கையால் தடவிப் படியைக் கண்டுபிடித்து, ஒரு காலை வைத்தேன்.

"அம்மா, ஏறாதேங்கோ. படி உக்கிப்போய்க் கிடக்கு, உடையும். அதிலையே நில்லுங்கோ, நான் வாறன்."