இலையுதிர் விழாவில் நான் பேசியது

செப்டம்பர் 15, திங்கள்
எச்.ஆர். பூஜா அசெம்ப்ளி லைனுக்கே வந்து நோட்டீஸ் கொடுத்தாள். 22ஆம் தேதி பகலும் இரவும் சமமாம். அதனால் கம்பெனியில் இலையுதிர்கால விழா. எல்லோரும் ஆரஞ்சு உடையில் வர வேண்டும். இந்த வல்லம் வடகால் சிப்காட்டில் உதிர்வது என் தலைமுடி மட்டும்தான். வெளியே முப்பத்தாறு டிகிரி.

செப்டம்பர் 17
சூப்பர்வைசர் ஹேமந்த், "மெர்சி, சர்ச்சுல நல்லா வாசிக்கிறியாமே, நீயே மேடையில ரெண்டு நிமிஷம் பேசிடு" என்றார். பைபிளில் இலையுதிர்காலம் எங்கே வருகிறது என்று நானும் தேடிப் பார்த்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு
பென்னலூரில் பாஞ்சாலி அக்கா வீட்டுக்குப் போனேன். போன வருடம் வரை என் லைன்தான். கம்பெனி பஸ் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுவிடும். போன நவம்பர் மழையில் கேட்டுக்கு நடந்தபோது, தண்ணீருக்கடியில் கால்வாய் தெரியாமல் விழுந்தாள். கால் முறிந்தது. எட்டு மணி நேரம் நிற்க முடியாதவளுக்கு வேலை இல்லை என்றார்கள்.
விழாவைப் பற்றிச் சொன்னதும் சிரித்தாள். "இல வுழுற கதய இன்னாத்துக்குடி பேசிகினு? நான் வுழுந்த கதயப் பேசு."

செப்டம்பர் 22
பேசிவிட்டேன்.
ஆபீஸில் எழுதிக் கொடுத்ததை நாலு வரி படித்தேன். பிறகு வாய் தானாகப் போனது: "பகலும் ராத்திரியும் சமம், சரி. சாருங்க காரு கேட்டுக்குள்ள வருது, எங்க பஸ்ஸு மட்டும் ஏன் ரோட்லயே நிக்குது? இன்னும் நாலு வாரத்துல மழ. பாஞ்சாலி அக்காவ யாருக்காவது ஞாபகம் இருக்கா?"
பின்னால் யாரோ விசில். தமிழ் தெரியாத மேனேஜர் பலமாகக் கைதட்டினார். பூஜா அவர் காதில் மொழிபெயர்த்தாள். கை நின்றது.

செப்டம்பர் 23
"வாய் நீளம் உனக்கு" — ஹேமந்த். என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். லைனில் இடையிடையே சாயவாவது ஒரு ஸ்டூல் உண்டு; அங்கே அதுவும் கிடையாது. பாத்ரூமில் போய் அழுதேன். தேவையா இது? ஊருக்கு முன்னாடி எனக்கு மட்டும் இன்னாத்துக்கு இந்த வாய்?

செப்டம்பர் 25
கால் வீக்கம். ஆரஞ்சைப் பார்த்தாலே எரிச்சல்.

அக்டோபர் 6
டீ டைமில் என் பழைய லைன் செல்வலட்சுமி ஒரு காகிதத்தை நீட்டினாள். பஸ் உள்ளே வர வேண்டும் என்று மனு. நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. கடைசியில் பொடி எழுத்தில் ஒன்று — பூஜா!

அக்டோபர் 17
விடியற்காலையிலிருந்தே கொட்டுகிறது. ரோட்டில் முழங்கால் தண்ணீர். பஸ் ரோட்டில் நிற்கவில்லை; வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட, உள்ளே திரும்பியது. டிரைவர் சாம்சன் அண்ணன் தேர் வருகிற மாதிரி ஹார்ன் அடித்தார். நான் இன்னும் பேக்கிங்கில்தான்.
ஷிப்ட் முடிந்து பென்னலூரில் இறங்கி, அக்காவிடம் சொன்னேன். ஜன்னல் வழியாக மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஒரு மழ லேட்டுடி" என்றாள்.
டீயை நான்தான் போட்டேன்.