புருஷோத்தமன் குடிக்காத தண்ணீர்

தட்டாஞ்சாவடி, புதுச்சேரி
9.2.2007

அன்புள்ள அப்பாவுக்கு வேல்ச்சாமி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். முதலில் இதை நம்பிவிட்டு மேலே படியுங்கள்.

பட்டறையில் என் பக்கத்து லேத்தில் நிற்கும் புருஷோத்தமன் ஞாயிற்றுக்கிழமை தவறிவிட்டான். ஆணழகன் போட்டிக்காக உப்பை விட்டவன், கடைசியில் தண்ணீரையும் விட்டுவிட்டான். நீர் பிரியும் மாத்திரையும் தின்றிருக்கிறான். எல்லாம் ஜிம்மில் யாரோ சொன்னது. எந்த டாக்டரையும் கேட்கவில்லை. அன்று காலை அவனைக் கூப்பிடப் போனபோது அவன் அம்மா சொம்போடு வாசலில் நின்றார்.

“ஒரு வாய் குடிச்சிட்டுப் போ கண்ணு.”

“தண்ணி குடிச்சா நரம்பு தெரியாதும்மா. கப்போட வந்து சொம்பையே காலி பண்றேன்.”

மேடையில் கையை மடக்கிக் காட்டியவன் அப்படியே சரிந்தான். எண்ணெய் பூசிய உடம்பு, தூக்கத் தூக்க எங்கள் கையிலிருந்து வழுக்கியது. ஆஸ்பத்திரி போவதற்குள் இதயம் நின்றுவிட்டது.

அம்மாவிடம் எலுமிச்சை ஊறுகாய் அனுப்பச் சொல்லுங்கள், உப்பு தூக்கலாக. அடுத்த போட்டிக்காக நானும் உப்பை விட்டிருந்தேன். இனி இல்லை. மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், ஊறுகாயாவது இருக்கட்டும்.

ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. இன்னும் ஒன்றுதான். நான் சட்டையில்லாமல் நிற்கும் போட்டோவைக் கடையில் மாட்டியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துத் தெருப் பையன்கள் உடம்பு ஏற்றுவதாகப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். அதைக் கழற்றிவிடுங்கள் அப்பா. அதில் என் தோளில் கை போட்டுச் சிரிப்பவன்தான் புருஷோத்தமன்.

வேல்ச்சாமி