பந்திக்கு வெளியே

மார்ச் 4, 1974, திங்கள்

காலையில் கடலிலிருந்து பனிமூட்டம். சாந்தோம் கோபுரத்தின் மேல்பாதி மட்டும் ஆகாயத்தில். கீழே எதுவும் இல்லாமல் அது எப்படி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே பஸ்ஸைத் தவறவிட்டேன்.

குடை ரிப்பேர். சவர பிளேடு. அறை மின்விசிறிக்கு எண்ணெய்.

கல்லூரியில் மனோதத்துவத் துறைக் கூட்டம். தலைமை பொன்னையா. எனக்கு வரவேண்டிய நாற்காலி. நான் லண்டனில் படித்தவன். அவர் சர்ச் கமிட்டியில் கற்றுத் தேர்ந்தவர். வருஷங்கள் ஆகிவிட்டன. மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

மாலையில் மனநல ஆலோசனைக்கு நான் வைத்திருக்கும் ஆழ்வார்பேட்டை அறை, மருந்துக்கடை மாடி. லேடி டாக்டர் அனுப்பிய பெண் வந்தாள். பெயரை இங்கேயும் எழுதக் கூடாது, ம. என்று இருக்கட்டும். ஊர் நாசரேத் பக்கம். அடையாற்றில் குடித்தனம். நம் சபைதான். ஐந்து மாதக் கர்ப்பம். வயிறு தெரியவில்லை, தோள் எலும்பு தெரிகிறது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து விரதம் ஆரம்பித்ததிலிருந்து ஒருவேளைச் சாப்பாடு. அதற்கு முன்பும் பெரிதாக ஒன்றும் இல்லையாம். இப்படியே போனால் குழந்தை தங்காது என்று டாக்டர் போனில் சொன்னார்.

ஏன் என்று கேட்டேன். ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"போன வருஷம் நாத்தனாரோட பேச்சுவார்த்தை இல்லாம இருந்தேன் சார். மனசுல கசப்ப வெச்சிக்கிட்டே திருவிருந்துப் பந்தியில சேந்துட்டேன். அப்படிச் சேரக் கூடாதுல்லா. அந்த வாரமே கைப்பிள்ளைக்குக் காய்ச்சல். எடுத்துக்கிட்டாரு."

"யார்?"

"ஆண்டவருதான். வேற யாரு?"

இந்தப் பிள்ளையையும் எடுக்காமல் இருக்க, அவர் கேட்பதற்கு முன்பே கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தன் சாப்பாட்டை.

பேசினேன். நன்றாகவே பேசினேன். அன்பான கடவுள் ஒரு சண்டைக்காகக் கைக்குழந்தையைக் கொல்வாரா, அப்படியானால் சபையில் எத்தனை குழந்தை மிஞ்சும், வேதத்திலேயே இதற்கு எதிராக எத்தனை இடம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். வெற்றி என்று நினைத்துக்கொண்டு காபி சொன்னேன். அவள் குடிக்கவில்லை.

மார்ச் 7, வியாழன்

வெயில். தொண்டைக் கட்டு. உப்புத் தண்ணீர்.

ம.வின் கணவர் துரை, கிண்டியில் லேத் பட்டறை, வேலை உடுப்போடு மாடி ஏறி வந்தார். உட்காரச் சொன்னேன், பேன்ட்டில் எண்ணெய் என்று மறுத்துவிட்டார்.

"இன்னா சார் சொன்னீங்கோ அவகிட்ட? மொதல்ல ஒருவேளையாச்சும் துன்னுகினு இருந்தா. இப்ப அதுவும் கஞ்சித் தண்ணியா பூட்ச்சி. கேட்டா, ஆண்டவருக்கு விரோதமா பேசினத காது குடுத்துக் கேட்டுட்டேன், அதுக்கும் சேத்து உபவாசம்ன்றா."

என் பேச்சுக்கு அவள் கட்டிய அபராதம். லண்டன் படிப்பு.

"சர்ச்சு மாதர் சங்கத்துல வேற ஏத்தி வுடுறாங்கோ சார். இந்த வயசுல இன்னா பக்தி, இன்னா பக்தின்னு. கோயில்ல எல்லாரு முன்னாடியும் சாட்சி சொல்லச் சொல்லிக் கூப்புடுறாங்கோ. எனக்கு சோறு போட்டுட்டு செவுத்தோரமா நிப்பா. நான் கைகழுவுற வரிக்கும் அப்டியே நின்னுகினே இருப்பா. உக்காருமேன்னா காதுல வாங்க மாட்டா."

சுவரோரம் நிற்பது எதற்கு? பட்டினி கிடப்பவள் சாப்பாட்டு வாசனையை விட்டு அப்பால் போவாள், அல்லது படுத்துக்கொள்வாள். நிற்பானேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஆராதனை. திருவிருந்து ஞாயிறு. வழக்கம்போல் பந்திக்கு அழைத்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அப்பத் தட்டோடு பாதிரி ஐயருக்குப் பக்கத்தில் நிற்பது பொன்னையா. அவர் பிடித்த தட்டிலிருந்து எனக்கு வேண்டாம்.

மதியம் தூக்கம். நீளமான ஒரு சாப்பாட்டுக்கூடம். இலைகளுக்குப் பதில் தரையில் சதுரம் சதுரமாக வெயில். எல்லோரும் வெயிலை எடுத்து எடுத்துச் சாப்பிடுகிறார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பசி. விழித்தபோது அறையெல்லாம் அதே வெளிச்சம். எங்கே இருக்கிறேன் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மாலை அடையாறு முகத்துவாரம் வரை நடை. தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல். நடுவில் ஒரு கட்டுமரம், எதன் மேலும் இல்லாமல். சுவரோரம் நிற்கிற பெண்ணை நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

மார்ச் 11, திங்கள்

பொன்னையா என் விடுப்பு மனுவைத் திருப்பி அனுப்பினார். காரணம் போதாதாம். சரி.

ம. வந்தாள். படியேறியதில் மூச்சு வாங்கியது. இன்று தர்க்கம் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடவுளைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை என்று அவளிடமும் சொன்னேன். நிம்மதியானாள்.

காலி நாற்காலி ஒன்றை எதிரில் போட்டேன். தட்டில் சோறு போட்டதும், சாப்பிடாதே என்று மனதுக்குள் ஒரு சத்தம் கேட்குமே, அதை அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கேட்கிற மாதிரியே பேசிக் காட்ட முடியுமா?

"ஆண்டவரு சத்தத்தப் போயா? பாவம்லா சார்."

"கேட்கிறதைத்தான் சொல்லப்போகிறீர்கள். நீங்களாக ஒன்றும் சேர்க்க வேண்டாம்."

கீழே மருந்துக்கடைக்காரர் யாரிடமோ சில்லறைக்குச் சண்டை. மின்விசிறி. எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகு நிமிர்ந்தது. முகவாய் முன்னால் வந்தது. நான் கேட்டிராத ஒரு குரல்:

"ஏட்டி, தட்ட கீழ வையி. சுவரோரமாப் போயி நில்லு. எல்லாவளும் தின்னு எந்திக்கட்டும். உனக்கு இன்னைக்கு ராச்சாப்பாடு கிடையாது. அழுத, நாளைக்கும் கிடையாது."

நிறுத்தினாள். அந்த நாற்காலியின் கைப்பிடியையே பார்த்தாள்.

"இது தாயம்மா டீச்சர்லா," என்றாள்.

போர்டிங் பள்ளிக்கூடத்து வார்டன். ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே. பாட்டு மனப்பாடம் இல்லாவிட்டால், படுக்கை சுருட்டாவிட்டால், வீட்டு நினைப்பில் அழுதால், சாப்பாட்டுக்கூடத்துச் சுவர். மற்றப் பிள்ளைகள் ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட, இவள் நிற்க வேண்டும். ஜெபத்தில் மட்டும் ஆமென் சொல்ல வேண்டும்.

"ஆண்டவரு என்னைய ஏட்டிம்பாரா சார்?"

வாக்களித்தபடி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவளுக்கே சிரிப்பு வந்தது, பாதியில் அழுகையாகிவிட்டது. குழந்தை இறந்த பிறகு இப்போதுதான் அழுகிறாளாம். அதுவரை அழக் கூடாது என்றுதான் இருந்திருக்கிறாள். அழுதால் நாளைக்கும் கிடையாது அல்லவா.

முகம் துடைத்துக்கொண்டு எழுந்தவள் கதவருகில் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கட்டா சார்? கோயில்ல எல்லாரும் பந்திக்கு எழும்பயில நீங்க மட்டும் வெளிய போயிருதீயளே. ஏன்?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன், பொன்னையாவை, நாற்காலியை, தட்டை.

"அவரு மேல கோவம். சரி. அதுக்கு நீங்க எதுக்கு சார் பட்டினி கெடக்கீய?"

போய்விட்டாள். எனக்கு எரிச்சல். வைத்தியம் பார்க்க வந்தவள் வைத்தியம் பார்த்துவிட்டுப் போகிறாள். இப்போதும் எரிச்சல்தான்.

மார்ச் 14, வியாழன்

லேசான தூறல், இந்த மாதத்தில். மரங்கள் தூக்கத்தில் புரள்வதுபோல.

ம. வரவில்லை. தகவலும் இல்லை. மறுபடி கெடுத்துவிட்டேனோ. டாக்டருக்குப் போன் போட்டேன், அங்கேயும் வரவில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் சபையில் என்ன பேசுவார்கள் என்று நினைத்தேன். பிறகு, இதில் நான் முதலில் நினைத்தது சபையைத்தான் என்பதைக் கவனித்தேன்.

வண்ணான் கணக்கில் ஒரு வேட்டி குறைகிறது.

மார்ச் 17, ஞாயிறு

சபையில் அவளும் இல்லை, துரையும் இல்லை. மாதர் சங்கத்தார் இருவர் படிக்கட்டில்: "இன்னிக்கு அவ சாட்சி சொல்றதா இருந்தது. வர முடியலன்னுட்டாளாம்." "ஒடம்புக்கு முடியலயோ என்னமோ. பாவம், அவ்ளோ உபவாசம்." பொன்னையா வணக்கம் சொன்னார். நான் திருப்பிச் சொல்லவில்லை.

இரண்டாம் தடவையாகச் சாப்பாட்டுக்கூடக் கனவு. இந்தத் தடவை கூடம் காலி. அலை உள்ளே வந்து வந்து தரையைக் கழுவிவிட்டுப் போகிறது.

மார்ச் 18, திங்கள்

நல்ல வெயில். அறையைத் திறக்கும்போதே வாசலில் துரை. தனியாக. ஒரு வாரத் தாடி.

"சார், உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு. ரெண்டு நாள் அழுதுகினே படுத்துகினு கெடந்தா. நானே லீவு போட்டு ஆக்கினேன். மூணாம் நாள் எழுந்து வந்து எம் பக்கத்துல குந்தினா. நான் வெச்ச ரசத்த ஒரு வாய் ஊத்திகினு, மூஞ்சத் தூக்கி வெச்சிகினா சார். வாயில வெக்க முடிலயாம். இதப் போயி எந்த மனுசன் துன்னுவான்றா. ஒரே சண்ட. முட்டை பொரிச்சிக் குடுன்னா, குடுத்தேன். இன்னொண்ணுன்றா. காலைல டாக்டரம்மாகிட்ட இட்டுகினு போனேன், புள்ள நல்லா கீதுன்னாங்கோ." கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வெள்ளிக்கெழம உபவாசத்த மட்டும் வுட முடியாதுன்றா. பரவால்லயா சார்?"

அன்றைக்குப் பாலாவது குடிக்கச் சொன்னேன்.

"சரி சார். அந்த ரசத்துக்கு இன்னா பண்றது?"

புளியைக் குறைத்து மிளகைக் கூட்டச் சொல்லி அனுப்பினேன்.